யசோதரா நீக்கிய பத்தி

காலையில் தேசப்பனின் பெயர் கைபேசியில் வந்தால் ஆற்றில் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் பொருள். தண்ணீரின் நிறம் மாறியிருக்கும், இல்லையென்றால் மீன் செத்து மிதந்திருக்கும். எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பம் ஒன்றின் பஞ்சாயத்துத் தலைவர் அவர். நான் தண்ணீரைச் சோதிக்கிற பொறியாளராக இருந்தவள் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் முதல் புகார் எனக்குத்தான் வரும். அன்றும் அப்படித்தான் நினைத்து, அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, "சொல்லுங்க தேசப்பா, இன்னிக்கு என்ன கலர்?" என்று கேட்டேன்.

"ஆறு நல்லாத்தாம்மா கீது. நம்ப யசோ மேடம் பூட்டாங்க."

நான் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் கிடக்கிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

மாத்தூரில் அவள் வீட்டில், விடியும் முன்பே நெஞ்சுவலி வந்து போய்விட்டாளாம். அவள் தம்பி முதலில் குப்பத்துக்குச் சொல்லியிருக்கிறான், எனக்கு அவன் கூப்பிட்டது அப்புறம்தான். எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. அவளே அப்படிச் சொல்லி வைத்திருப்பாள் என்று பிறகு தோன்றியது. அவளுக்கு எப்போதும் வரிசை முக்கியம்.

இந்த அஞ்சலியை முதலில் ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. அலுவலகத்தில் உங்களுக்கெல்லாம் அவர் யசோதரா மேடம், எனக்கு யசோ. ஆகவே ‘அவள்’ என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்துவிட்டதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவளாக இருந்தால், "இன்னாமே, நான் செத்ததும் பெரிய மனுஷி ஆயிட்டேனா?" என்று கேட்டிருப்பாள்.

வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார். வீட்டுக் கூடத்தில் புத்தர் படம், அதன் கீழே ஒரே ஒரு மேசை, அந்த மேசைக்கு நாலு பிள்ளைகள். பொருளாதாரம் படித்து, திட்டமிடும் துறையில் சேர்ந்து, வறுமை ஒழிப்புப் பிரிவில் அதிகாரியாக இருந்தாள். ஒரு விசித்திரமான பழக்கம் வைத்திருந்தாள். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் அலுவலகத் தமிழ் பேசுவாள். தனக்கு மேலே இருப்பவர்களிடம் வியாசர்பாடித் தமிழ்தான். ஒரு கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர், "கொஞ்சம் நல்ல தமிழில் சொல்லலாமே" என்றார். அவள் முகத்தில் கோபமே இல்லை. "திட்டம் யாருக்கு போட்டுகினு கீறோமோ அவுங்களுக்கு இது நல்லாப் புரியும் சார். உங்குளுக்கு புரியலன்னா சொல்லுங்க, நான் எழுதித் தரேன்." எழுதியும் கொடுத்தாள். அவள் பேச்சைக் கிண்டல் செய்தவர்களே தங்கள் குறிப்புகளைத் திருத்த அவளிடம்தான் கொண்டுவருவார்கள்.

நாங்கள் சேர்ந்து வேலை செய்தது ஒரே ஒரு திட்டத்தில்தான். நாடு முழுவதற்குமான வறுமை ஒழிப்புத் திட்டத்தைப் புதிதாக எழுதுகிறார்கள், இந்த முறை சுற்றுச்சூழலைத் தனியாக வைக்காமல் வறுமைக்குள்ளேயே சேர்த்து எழுத வேண்டும், அதற்கு முன்னோட்டமாகச் சில பகுதிகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று டெல்லியிலிருந்து ஓலை வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரை எங்கள் பங்கு. நான் சுற்றுச்சூழல் அத்தியாயம், அவள் வறுமை அத்தியாயம். முதல் நாளே என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏழைங்க ஒரு ரூம்ல கீறாங்க, ஆறு இன்னொரு ரூம்ல கீது. நடுவுல கதவே கெடையாது. சுவத்த நாம இடிக்கலாமாமே?" என்றாள். நான் சரி என்றேன். அவள் கேட்டால் சரி என்று சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

அப்படித்தான் அவளை முதல்முறை எண்ணூருக்குக் கூட்டிப் போனேன். நான் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, அவள் கரையில் உட்கார்ந்து தேசப்பனிடம் ‘பாடு’ பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்துவாரத்தில் இறால் ஓடுகிற இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எல்லோரும் எல்லா இடத்திலும் வலை போட முடியாது. குடும்பத்துக்கு ஒரு முறை, அந்த முறை வரும் நாளில் அந்த இடத்துத் தண்ணீர் அந்தக் குடும்பத்துக்கு. அதற்குப் பெயர்தான் பாடு. ஆண் இல்லாத வீட்டுக்கும் பாடு உண்டு. வேறொருவர் வலை போட்டு, பிடித்ததில் பாதியை அந்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். புருஷனைக் கடலில் பறிகொடுத்த கன்னியம்மா அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படகு கிடையாது, வலை கிடையாது, பாடு மட்டும் உண்டு.

"வூட்ல சாவு வுழுந்தா?" என்று யசோ கேட்டாள்.

"அந்த வூட்டுப் பாடு வர்ற அன்னிக்கு யாரும் வலை போட மாட்டோம் மேடம். வேற ஆளுக்கும் குடுக்க மாட்டோம். அந்த எடத்த சும்மா வுட்ருவோம். போனவங்களுக்கு அது மருவாதி."

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் அவள் பேச்சு நிற்கவே இல்லை. கன்னியம்மாவிடம் ஒன்றுமே இல்லை என்று தன் துறை எழுதி வைத்திருப்பது பொய் என்றாள். அவளிடம் ஆறு இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஒரு இடம் தூர்ந்துபோனால் அவள் வீட்டில் திருடு போன மாதிரி. திருட்டு என்று எழுதினால்தான் திருடனைக் கேட்க முடியும். இப்போது அதற்கு ‘நீரின் தரம் குறைதல்’ என்று பெயர். அந்தப் பெயரில் யாரைப் போய்க் கேட்பது? தண்டையார்பேட்டை வந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பத்தியை அவள் எழுதினாள். என் வாழ்க்கையில் படித்த அரசாங்க எழுத்துகளில் அதுபோலத் தெளிவானது இல்லை. முகத்துவாரமும் அதன் பாடு முறையும் இக்குடும்பங்களின் உற்பத்திச் சொத்து. இதற்கு நேரும் கேடு எதுவாயினும் வறுமையை அதிகரித்த செயலாகவே கணக்கில் கொள்ளப்பட வேண்டும். இதுதான் சாரம். டெல்லிக் குழு அதைப் பாராட்டிப் பதில் அனுப்பியது. நாங்கள் இருவரும் பாரிமுனையில் ஆளுக்கு ஒரு தட்டு அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுக் கொண்டாடினோம். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, அத்தோ கடைக்காரர் எங்கள் தட்டுகளில் முட்டையைத் தாராளமாகப் போட்டார்.

பிறகு, அந்தத் திட்டத்தின்படி ஏழைக் குடும்பங்களின் மாதிரிப் பட்டியல் வந்தது. குப்பத்தில் ஒரு குடும்பம்கூட அதில் இல்லை.

என்ன நடந்தது என்று புரிய எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உற்பத்திச் சொத்து உள்ள குடும்பம் ஏழைகள் பட்டியலில் இருந்து தானாகவே நீங்கிவிடும் என்று அதே திட்டத்தில் இன்னொரு இடத்தில் ஒரு விதி இருந்தது. டிராக்டரும் கடையும் வைத்திருப்பவர்கள் ஏழைகளின் இடத்தில் புகுந்துகொள்ளக் கூடாது என்று யசோவே வாதாடி வாங்கிய விதி அது. அவளுடைய நல்ல விதியும் அவளுடைய நல்ல பத்தியும் சேர்ந்து குப்பத்தையே பணக்காரக் குப்பமாக்கிவிட்டன. இப்படி ஒரு தவற்றைச் செய்ய, திட்டம் போடுகிறவர்களால் மட்டும்தான் முடியும். நல்லவர்களாகவும் இருக்க வேண்டும்.

கன்னியம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். விதவை உதவித்தொகையும், ஒழுகுகிற கூரைக்குப் பதிலாக வர வேண்டிய வீடும் அந்தப் பட்டியலை நம்பி இருந்தன. "நான் எப்பமா பணக்காரி ஆனேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஞாயித்திக்கெழம கறியாச்சும் எடுத்திருப்பேனே" என்றாள். யசோவும் சிரித்தாள், கன்னியம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சொத்தாகவும் எழுதுங்கள், அதற்காகப் பட்டியலில் இருந்து நீக்காமலும் இருங்கள் என்று யசோ டெல்லிக்கு எழுதினாள். காணொளிக் கூட்டத்தில் பதில் வந்தது. பேசிய அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "சொத்து இருந்தால் ஏழை இல்லை. ஏழை என்றால் சொத்து இல்லை. இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்து அனுப்பிவிடுங்கள்" என்றார். அடுத்த வாரம் பட்டியல் மூடப்படும் என்றும் சொன்னார்.

அவள் தானாக முடிவு செய்யவில்லை. குப்பத்துக்குப் போய்ப் பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னாள். வலைகள் காய்ந்துகொண்டிருந்த மணலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தேசப்பன் பத்தி இருக்கட்டும் என்ற கட்சி. "ஆறு எங்குளுதுன்னு கவருமெண்டே எழுதிட்டா, நாளிக்கு எந்தக் கம்பெனிக்காரனும் மண்ணு கொட்ட வர மாட்டான் மேடம். அத்த வுட்டுடாதீங்கோ." கன்னியம்மா எழுந்து நின்றாள். "நாளிக்கு வர்றவன நாளிக்குப் பாத்துக்கலாம் தேசப்பா. இன்னிக்கு என் வூடு ஒழுவுதே, அத்த யாரு பாக்குறது?" இருவரும் சொன்னது நியாயம்தான். யாரும் யாரையும் திட்டவில்லை. வெயில் ஏறியதும் எல்லோரும் யசோவையே பார்த்தார்கள்.

மறுநாள் அவள் கணினி முன் அவளோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து நீலமாக்கி வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ அமுக்கேன்மே" என்றாள். "போடி, உன் பத்தி" என்றேன். பிறகு அவளே அழுத்தினாள். குடும்பங்கள் பட்டியலுக்குத் திரும்பின. கன்னியம்மாவுக்குத் தொகை வந்தது, வீடும் வந்தது. ஆறு என் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தது, ‘நீரின் தரம்’ என்ற தலைப்பின் கீழே. என் அத்தியாயத்தில் தண்ணீர் இருந்தது, மனிதர்கள் இல்லை. அவள் அத்தியாயத்தில் மனிதர்கள் இருந்தார்கள், தண்ணீர் இல்லை. சுவர் பழையபடி நின்றது.

இது இத்தோடு முடிந்திருந்தால், அவள் செய்தது சரி என்று நிம்மதியாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. படகுகள் கறுத்தன, வலைகளைத் தூக்கி எறிய வேண்டியிருந்தது, குப்பத்து நாய்கள்கூடக் கறுப்பாகத் திரிந்தன. நிவாரணத்துக்கு மேசை போட்டு எழுத வந்தார்கள். படகு உள்ளவர்களுக்கு ஒரு வரிசை, வலை உள்ளவர்களுக்கு ஒரு வரிசை. யசோவும் நானும் போயிருந்தோம். கன்னியம்மா மேசைக்கு முன்னால் நின்றாள்.

"உங்க பேர்ல படகு இருக்காம்மா?"

"படகு இல்ல சார். பாடு கீது."

"அப்படின்னா?"

அவள் விளக்கினாள். எழுதுகிற பையன் பொறுமையாகவே கேட்டான். பிறகு, "இது எதிலயாவது எழுதியிருக்காம்மா? ஒரு வரி இருந்தாப் போதும், நான் போட்டுடுவேன்" என்றான்.

நான் யசோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளாகவே நடந்து போய்க் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்தாள். புடவையெல்லாம் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, வீடு வாங்கிக் கொடுத்தது நீதானே, வேறு என்ன செய்திருக்க முடியும் என்று என்னென்னவோ சொன்னேன்.

"ரெண்டுல ஒண்ணு கேட்டான்மே. நான் பெரிய இவ மாரி ரெண்டுல ஒண்ணத் தூக்கிக் குடுத்துட்டேன். ரெண்டும் குடுறான்னு அங்கயே குந்திகினு இருந்திருக்கணும்."

குந்தியிருந்தாலும் கிடைத்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அதற்கப்புறம் அவள் வேறு ஆளாகிவிட்டாள். வியாசர்பாடிக் கேலியெல்லாம் குறைந்துபோனது. ஓய்வு பெற்ற பின்னும், திட்டம் திருத்தப்படுகிறது என்று செய்தித்தாளில் எங்காவது ஒரு மூலையில் கண்டாலும் அதே பத்தியை அனுப்புவாள், கீழே ஒரு வரி சேர்த்து: ‘இச்சொத்தைக் காரணம் காட்டி எந்தக் குடும்பத்தையும் ஏழைகள் பட்டியலில் இருந்து நீக்கக் கூடாது.’ சுற்றுச்சூழல் தொடர்பானது என்பதால் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வரும். உரிய துறை என்பது என் பழைய அலுவலகம். "ஒன் ரூமுக்கே அனுப்பிகினு கீறானுங்கமே, செம பேஜாரு" என்று கடைசியாகப் போனில் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பேச விட்டிருக்கலாம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன்.

மாத்தூரில் அவள் வீட்டு வாசலில் புத்தரின் பஞ்சசீலம் சொல்லி முடிக்கும்போது குப்பத்து வேன் வந்து நின்றது. கன்னியம்மா இறங்கி வந்தாள். யசோவின் காலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். அழக்கூட இல்லையே என்று பெண்கள் யாரோ பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் தேசப்பன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை நிறம் எதுவும் கேட்காமல் காத்திருந்தேன். "நாளிக்கு கன்னிம்மா பாடும்மா. வலை போட வாணாம்னு சொல்லிச்சு. வந்து பாருங்கோ."

காலையில் போனேன். புகைபோக்கிகள் ஒருபக்கம் புகைத்துக்கொண்டிருந்தன. மற்ற இடங்களில் எல்லாம் படகுகள் நின்றன. நடுவில் ஒரு இடம் மட்டும் காலியாக, தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இறால் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. நல்ல ஓட்டம். வலை போட்டிருந்தால் கன்னியம்மாவுக்கு அந்த மாதம் கவலையில்லாமல் போயிருக்கும். அவளுக்காக வலை போடுகிறவருக்கும் பாதி போனது. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, போகட்டும் என்பதுபோலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யசோ அந்தக் குப்பத்துக்காரி இல்லை, மீனவப் பெண்ணும் இல்லை. அந்த மரியாதை இதுவரை வெளியாள் யாருக்கும் கிடைத்ததில்லை என்றார் தேசப்பன்.

கன்னியம்மா கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "இதெல்லாம் எதுக்கு கன்னிம்மா? யசோ இருந்தா உன்னைத் திட்டுவா" என்றேன்.

"திட்டட்டுமே. அவுங்கதான எழுதுனாங்க, இது என்னுதுன்னு. அப்பறம் எனுக்கு வூடு வர்றதுக்காவ அழிச்சாங்க. அழிச்சா இல்லன்னு ஆயிடுமா? என் பாடு. யாருக்குக் குடுக்கணும்னு எனுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். யசோ இதைக் கேட்காமல் போய்விட்டாளே என்பதுதான் என் ஆற்றாமை. ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் அந்தப் படகின் மேலிருந்து எழுந்திருப்பாள்.

அவளை அறிந்த நீங்கள் அவளிடமிருந்து என்னென்னவோ வைத்திருப்பீர்கள். நான் அவளுடைய பத்தியை வைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் கீழே சேர்த்த வரியோடு. இந்த முறை என் பெயரில் அனுப்புகிறேன், என் பழைய அறைக்கு அல்ல, அவளுடைய அறைக்கு. உரிய துறைக்கு மாற்றினால் திரும்பவும் அனுப்புவேன். பாடு அவர்களுக்குச் சொந்தம் என்பதற்கு என்ன சான்று என்று கேட்பார்கள் அல்லவா? அதற்காகக் கடைசியில் ஒன்று மட்டும் நான் எழுதிச் சேர்த்திருக்கிறேன்: ‘படகும் வலையும் இல்லாத ஒரு பெண், தன் பாடு வந்த நாளை இறந்துபோன தோழிக்காக விட்டுக்கொடுத்தார். குப்பத்தில் ஒருவரும் அந்தத் தண்ணீரில் வலை போடவில்லை.’